சோழவரத்து ஓடுதளமும் ஒரு கோயமுத்தூர்க்காரரும்

'ஸ்டாக் கார்' பந்தயம் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதுமே நண்பர் ஒருத்தர், "எந்த ஷேரை வாங்கலாம்?"னு கேட்டார். அவருக்கும், அவரை மாதிரி ஆசையா வந்திருக்கிற மத்தவங்களுக்கும் முதல்லயே சொல்லிடறேன். இது அந்த ஸ்டாக் இல்லீங்க. கடையில் ஸ்டாக் இருக்குன்னு சொல்றோமே, அந்த ஸ்டாக். ஷோரூமில் காசு குடுத்து வாங்கின காரை அப்படியே கொண்டுவந்து பந்தயத்தில் விடறதுதான் ஆரம்பத்தில் ஸ்டாக் கார் பந்தயம். அப்போ அதுக்குன்னு தனியா கட்டின வண்டி கிடையாது. மளிகை வாங்கப் போற அதே வண்டி.

இது அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வளர்ந்த விளையாட்டு. வளர்த்தது யாருன்னு பார்த்தா நம்ம பக்கத்து ஆளுங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். சாராயம் கடத்தினவங்க! மலையடிவாரத்தில் காய்ச்சின சரக்கை ராத்திரியோட ராத்திரியா டவுனுக்குக் கொண்டு போகணும். போலீஸ் துரத்தும். வண்டி பார்க்க சாதா கார் மாதிரி இருக்கணும், ஆனா போலீஸ் வண்டியைவிட வேகமா ஓடணும், டிக்கி நிறைய பாரம் இருந்தாலும் பின்பக்கம் தொங்கக் கூடாது. ராத்திரி இந்த வேலை பார்த்தவங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் யார் வண்டி வேகம்னு தங்களுக்குள்ள பந்தயம் வச்சுக்கிட்டாங்க. ஜூனியர் ஜான்சன்னு ஒருத்தர். 1956ல் அப்பாவோட சாராய அடுப்பில் வச்சுப் பிடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. வெளிய வந்தும் ஓட்டி, மொத்தம் 50 பந்தயம் ஜெயிச்சார். 1986ல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு குடுத்தார்.

பில் பிரான்ஸ் என்பவர் இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி 1948ல் நாஸ்கார் என்ற அமைப்பை ஆரம்பிச்சார். 1949 ஜூன் 19 அன்னிக்கு சார்லட் நகரத்தில் முதல் 'சுத்தமான ஸ்டாக்' பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டன்னவே, 1947 மாடல் ஃபோர்டு வண்டி. முடிஞ்சதும் அதிகாரிங்க வண்டிக்கு அடியில் குனிஞ்சு பார்த்தாங்க. பின்னாடி ஸ்பிரிங்கில் சாராய வண்டிக்காரங்க பண்ற அதே கைவேலை! முதல் பந்தயத்தில் முதலில் வந்தவரையே தகுதிநீக்கம் பண்ணிட்டு, இரண்டாவதா வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் குடுத்தாங்க. வண்டிக்குச் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போய் தோத்தார்.

சரி, காட்டுப்பள்ளியில் உக்காந்துக்கிட்டு இவன் எதுக்கு சார்லட் கதை சொல்றான்னு நீங்க கேக்கலாம். காரணம் இருக்கு. எங்க ஊரிலிருந்து மீஞ்சூர் போய், அங்கிருந்து மேற்கால திரும்பினா, கன்டெய்னர் லாரிங்க வழிவிட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள சோழவரம். இந்தியாவில் கார் பந்தயம்னு ஒண்ணு உருப்படியா நடந்த இடங்களில் முதல் வரிசையில் சொல்ல வேண்டிய இடம். இப்போ சோழவரம்னு சொன்னா ஏரி ஞாபகம்தான் எல்லாருக்கும் வருது, அதுவும் கோடையில் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பேப்பரில் போடும்போது. ஒரு காலத்தில் சோழவரம்னா ரேஸ்.

அங்கே எப்படி ரேஸ் வந்துச்சு? ஜப்பான்காரன் புண்ணியம். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் ஜப்பான் வந்துடப் போகுதுன்னு பயந்து மெட்ராஸே காலியாச்சு. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலியெல்லாம் குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடுமேன்னு சுட்டே கொன்னுட்டாங்க. (பாவம், அதுங்களுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்.) கடைசியில் 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகம் பக்கம் குண்டு போட்டுட்டுப் போச்சு. ஆனா வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? நகரத்தைச் சுத்தி அவசர அவசரமா ஓடுதளங்கள் போட்டான். சோழவரத்தில் போட்டது அதில் ஒண்ணு. போர் முடிஞ்சது, விமானம் போயிடுச்சு, நீளமான கெட்டித்தரை மட்டும் வெயிலில் காஞ்சுக்கிட்டுக் கிடந்தது.

இதே கதைதான் இங்கிலாந்திலயும். குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட சில்வர்ஸ்டோன் தளத்தில் 1948ல் கார் பந்தயம் ஆரம்பிச்சு, 1950 மே 13ல் உலக சாம்பியன்ஷிப் ஃபார்முலா 1ன் முதல் பந்தயமே அங்கதான் நடந்தது. இங்கேயும் கல்கத்தா பக்கம் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு, மெட்ராஸுக்கு சோழவரம். ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டறது ஒரு மாதிரி முரட்டு விஷயம். நேர்கோட்டில் எவ்வளவு வேணும்னாலும் மிதிக்கலாம். ஆனா கோடியில் போய்த் திரும்பணும். விமானத்துக்குப் போட்ட பாதையில் வளைவு ஏது? மட்டமான தரை, சாய்வு கிடையாது, நிழல் கிடையாது. பிரேக் எப்போ போடறதுன்னு தெரிஞ்சவன்தான் பிழைப்பான்.

1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்தில் ஓட்டினவங்க யாருன்னு தனியா சொல்லணுமா? ராஜா வீட்டுப் பிள்ளைங்க, கம்பெனி முதலாளிங்க, டீ எஸ்டேட், மில், வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். கோண்டல் சமஸ்தானத்து ராஜா ஓட்டியிருக்கார். பின்னாடி 80களில் விஜய் மல்லையா என்சைன் என்கிற நிஜமான ஃபார்முலா 1 காரையே இறக்குமதி பண்ணிக் கொண்டுவந்து சோழவரத்தில் விட்டார். (அவரோட பிற்காலத்து ஓட்டத்தைப் பத்தி இங்கே எழுதலை. அது வேற மாதிரி ரேஸ்.)

பார்த்தவங்க யாரு? எங்க ஆளுங்க. இதை எழுதணும்னு எனக்குத் தோணினதே இதனாலதான். மெட்ராஸில் எஞ்சின் சத்தத்தோட பொழப்பு நடத்தினவங்க எல்லாம் இந்த வடக்குக் கோடியில்தான் இருந்தாங்க. 1946ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைங்க விளையாடற பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் எம்.ஆர்.எஃப் டயர் கம்பெனி ஆச்சு. 1948ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டினாங்க. அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கு மாறிச்சு. 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். டயர், லாரி, மோட்டார்பைக் மூணும் பத்துக் கிலோமீட்டருக்குள்ள. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தராவது இந்த கேட்டுகளில் ஏதாவது ஒண்ணுல கார்டு பஞ்ச் பண்ணினவங்கதான்.

எங்க பெரியப்பா அதில் ஒருத்தர். ரேஸ் நடக்கிற ஞாயித்துக்கிழமைன்னா விடிகாலையிலேயே சைக்கிளில் கிளம்பிடுவாராம், கேரியரில் இன்னொருத்தர். டிக்கெட்டுக்குக் காசு இருந்தா உள்ளே, இல்லேன்னா தூரத்தில் மேடு பார்த்து நிப்பாங்க. அவர்கிட்ட ஒருமுறை, "யார் ஜெயிச்சாங்க பெரியப்பா?"னு கேட்டேன்.

"யாருக்குடா தெரியும் கண்ணு? அவனுங்க பேரெல்லாம் வாயில நுழையாது. வண்டி எவன் ரெடி பண்ணான்னு கேளு, சொல்றேன்."

இதுதான் நம்ம ஊர் ரசிகர். ஓட்டினவர் பேர் தெரியாது, ஆனா எந்த வண்டியில் கார்புரேட்டர் சரியில்லைன்னு சத்தத்தை வச்சே சொல்லுவார். ஒரு டாஸ்லருக்கு ஓட்டத் தெரியும்னா அவங்களுக்குப் பெரிய விஷயமா படலை. வண்டி செய்யத் தெரிஞ்சிருந்தா மரியாதை. பெரியப்பா வாயிலிருந்து கேட்ட மூணே மூணு பேர்களில் ஒண்ணு 'கரி'. நான் ரொம்ப நாளா அது ஏதோ கறுப்பா இருந்த மெக்கானிக்கோட பட்டப்பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

முழுப்பேர் எஸ். கரிவரதன். கோயமுத்தூர். லட்சுமி மில்ஸ் குடும்பம். 1954ல் பிறந்தவர். ஆக, இவரும் பெரிய வீட்டுப் பிள்ளைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 70களிலும் 80களிலும் சோழவரத்தில் முன்வரிசையில் ஓட்டினவர். அதுவரைக்கும் மத்தவங்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் என்னன்னா, மத்தவங்க வண்டி வாங்கினாங்க, இவர் வண்டி செஞ்சார்.

அந்தக் காலத்து நிலைமையைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் இதோட அருமை புரியும். லைசென்ஸ் ராஜ்யம். வெளிநாட்டுக் கார் இறக்குமதின்னா வரியே காரை முழுங்கிடும். உள்ளூரில் கார்னா மூணே மூணு. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. (ஹெரால்டு நம்ம வண்டலூர்ப் பக்கம் செஞ்சது.) அதுக்கும் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். ரேஸ் காருக்கான கியர்பாக்ஸ், டேம்பர், அகல டயர் எதுவும் கடையில் கிடைக்காது. அதனால சோழவரத்தில் ஓடினதில் பாதி, அமெரிக்காக்காரன் அர்த்தத்தில் ஸ்டாக் கார். சவாரி போற ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரிச்சு, சீட்டைக் கழட்டி, ஹெட்டை இழைச்சு, சைலன்சரை எடுத்துட்டு ஓட்டினது. மீதி 'ஸ்பெஷல்'. அதாவது ஒரு வண்டியோட எஞ்சின், இன்னொண்ணோட அச்சு, குழாயை வளைச்சு வெல்டு வச்ச சட்டம்.

இதைக் கேவலமா நினைக்க வேண்டாம். லோட்டஸ் கம்பெனியை உருவாக்கின காலின் சாப்மன் 1948ல் பண்ணினதும் இதேதான். காதலியோட அப்பா வீட்டுக் கொட்டகையில், ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரிச்சுத்தான் முதல் லோட்டஸைக் கட்டினார். சாப்மனுக்கு அப்புறம் கிடைச்ச சந்தை, உதிரிபாகம், பாங்க் கடன் இதெல்லாம் கரிக்குக் கிடைக்கலை. ஆனா கரிக்குக் கோயமுத்தூர் கிடைச்சது. அது சாதாரண விஷயம் இல்லை. ஜி.டி. நாயுடு ஊர். பம்பு செட்டும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். ஒரு படத்தைக் காகிதத்தில் வரைஞ்சு குடுத்தா, அதை அலுமினியத்தில் வார்த்து, லேத்தில் கடைஞ்சு, ரெண்டு நாளில் கையில் குடுக்கிற மேஸ்திரிங்க இருக்கிற ஊர். சென்னையில் ஓடுதளம் இருந்தது, கோவையில் லேத் இருந்தது. அந்த ரெண்டுக்கும் நடுவில் நீலகிரி எக்ஸ்பிரஸோ, ராத்திரி லாரியோ பிடிச்சு அலைஞ்ச ஒரு தலைமுறைதான் நம்ம ரேஸ் கார்களைக் கட்டினது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாட்டுக்கு அது என்ன பண்ணிச்சுன்னு எல்லாரும் எழுதியாச்சு. குடும்பக்கார்னா 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரைசக்தி கூடத் தேறாது. அம்பாசிடர்க்காரங்க தீப்பெட்டின்னு கிண்டல் பண்ணினாங்க. கரி அதைப் பார்த்தது வேற கண்ணில். எஞ்சின் சின்னது, எடை கம்மி, கெட்டுப்போகாது, ஊருக்கு ஊர் ஸ்பேர் கிடைக்கும். அதைவிட முக்கியமா எஞ்சினும் கியர்பாக்ஸும் வீல் ஓட்டற தண்டும் எல்லாம் முன்னாடியே ஒரே பொட்டலமா இருக்கு. அம்பாசிடர் மாதிரி எஞ்சின் முன்னாடி, டிஃபரன்ஷியல் பின்னாடி, நடுவில் ஆறடி ஷாஃப்ட்னு இழுபறி கிடையாது. அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வச்சா? முன்சக்கரம் ஓட்டற குடும்பக்கார், பின்சக்கரம் ஓட்டற ஒத்தை சீட் ரேஸ் கார் ஆயிடும்!

எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்லை. இங்கிலாந்தில் கூப்பர், அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் வண்டு காரின் பாகங்களை வச்சு ஃபார்முலா வீ, 1967ல் கார்ட்டினா எஞ்சினை வச்சு ஃபார்முலா ஃபோர்டுன்னு உலகம் பூரா பண்ணினதுதான். ஆனா யாரோ எங்கேயோ பண்ணியிருக்கான்னு தெரியறது வேற, இங்கே கிடைக்கிற குழாயையும் ஃபைபர்கிளாஸையும் வச்சு, இங்கே இருக்கிற வெல்டரை வச்சு, ஒண்ணு இல்லை, வரிசையா ஒரே மாதிரி பல வண்டி கட்டறது வேற. 1988ல் கரிவரதன் அதைப் பண்ணினார். ஃபார்முலா மாருதி. அதிகாரபூர்வமா 'ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின்'னு நீளமான பேர். பசங்க அதோட முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஃபிஸ்மி'ன்னு கூப்பிட்டாங்க.

'ஒரே மாதிரி பல வண்டி' என்பதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா என் கணக்கில் அவரோட பெரிய சாதனை வேகம் இல்லை, இதுதான். அதுவரைக்கும் சோழவரத்தில் ஜெயிக்க ரெண்டு வழி. நல்லா ஓட்டணும், இல்லேன்னா நிறைய காசு வேணும். ரெண்டாவது வழிக்காரங்க முன்னாடி முதல் வழிக்காரங்க பெரும்பாலும் நிக்க முடியாது. ஒருத்தர் ஃபார்முலா 1 கார் கொண்டுவர்றார், பக்கத்தில் ஒருத்தர் ஹெட் இழைச்ச ஃபியட்டோட நிக்கிறார், இதில் யார் நல்ல டிரைவர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாருக்கும் அதே 796 சிசி எஞ்சினைக் குடுத்துட்டா அந்தக் கேள்வியே இல்லை. முன்னாடி வர்றவன் ஓட்டத் தெரிஞ்சவன். அவ்வளவுதான். சம்பாதிக்கிற ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன், ஸ்பான்சர் ஒருத்தரைப் பிடிச்சா ஒரு சீசன் ஓட்டிடலாம் என்கிற நிலைமை முதல்முறையா வந்தது. தானே ஜெயிக்கிற நிலையில் இருந்த ஒருத்தர், மத்தவங்க தன்னை ஜெயிக்கிறதுக்கான வண்டியைக் கட்டிக் குடுத்தார்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் வெண்டல் ஸ்காட்டைப் பத்திச் சொல்லாம இருக்க முடியலை. வர்ஜீனியா மாநிலம் டான்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டி, மெக்கானிக் வேலை பார்த்து, பழைய காரைத் தானே செப்பனிட்டு, பிள்ளைகளையே உதவிக்கு வச்சுக்கிட்டு நாஸ்காரில் 495 முறை ஓட்டினவர். 1963 டிசம்பர் 1ல் ஜாக்சன்வில் பந்தயத்தில் எல்லாரையும்விட ரெண்டு சுற்று முன்னாடி வந்தார். ஆனா வெள்ளைக்காரரான பக் பேக்கர் ஜெயிச்சதா அறிவிச்சு கோப்பையைக் குடுத்துட்டாங்க. கூட்டமெல்லாம் கலைஞ்சு பல மணி நேரம் கழிச்சு, கணக்கில் தப்பு, நீதான் ஜெயிச்சேன்னு சொன்னாங்க. கோப்பை? 1990ல் அவர் சாகற வரைக்கும் வரலை. 2021ல்தான் குடும்பத்துக்குக் குடுத்தாங்க. கரியும் ஸ்காட்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை, ஒருத்தர் மில் முதலாளி வீடு, ஒருத்தர் அன்னாடங்காய்ச்சி. ஆனா யாரை உள்ளே விடறது, யாரை வேலிக்கு வெளிய நிறுத்தறது என்பது ரேஸ் டிராக்கில் எப்பவும் இருந்த கேள்வி. டான்வில்லில் அது நிறம், சோழவரத்தில் அது காசு. வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்த கரி அந்த வேலியைக் கொஞ்சம் தாழ்த்தினார். எங்க பெரியப்பா பிள்ளைங்க தாண்டற அளவுக்கு இல்லை, அதையும் சொல்லிடறேன். ஒரு சீசனுக்கு ஆகிற செலவு அப்பவும் எங்களுக்குக் கனவுதான்.

இதுக்குள்ள சோழவரமும் முடிஞ்சு போச்சு. கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, ரேசுக்குன்னே 3.7 கிலோமீட்டரில் 12 திருப்பங்களோட ஒரு டிராக் போட்டாங்க. 1990லிருந்து அங்கதான். ஓடுதளத்தைவிட எல்லா விதத்திலும் நல்ல டிராக், பாதுகாப்பும் அதிகம். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் ஊரின் இன்னொரு கோடிக்குப் போயிடுச்சு. சைக்கிளில் போற தூரமா அது? பெரியப்பா ஒரே ஒருமுறை பஸ் மாறி மாறிப் போயிட்டு வந்து, "புல்லு வச்சிருக்கானுங்கடா"ன்னு சொன்னதோட சரி.

அந்த டிராக்கில் ஒரு கோயமுத்தூர்ப் பையன் தன்னோட முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூணு பேருக்குள்ள வந்தான். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ரேலி சாம்பியன். பையன் பேர் நரேன். அதுக்கப்புறம் பிரான்ஸில் பயிற்சிப் பள்ளி, திரும்பி வந்து 1993ல் மறுபடி ஃபார்முலா மாருதி, 1996ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1ல் இறங்கின முதல் இந்தியர். அதே வருஷம் ஜூன் 19ல் இண்டியானாபோலிஸில் நாலாவது இடம், அஞ்சு பாயிண்ட். டயர் பிரச்சனையில் மிச்செலின் வண்டிங்க எல்லாம் ஒதுங்கிக்கிட்டு ஆறே வண்டி ஓடின பந்தயம் அது, அதனால அந்த நாலாவது இடத்தை ரொம்பத் தூக்கி வச்சுக் கொண்டாட வேண்டாம்னு சொல்றவங்களோட நான் சண்டைக்குப் போக மாட்டேன். (ஜூன் 19ஐக் கவனிச்சீங்களா? 1949ல் டன்னவேயைத் தகுதிநீக்கம் பண்ணின அதே தேதி.)

ரெண்டாவது இந்தியர் சென்னைக்காரர் கருண் சந்தோக், 2010ல். தாத்தா இந்து சந்தோக்கும் அப்பா விக்கி சந்தோக்கும் மெட்ராஸ் மோட்டார் பந்தயத்தில் ஊறினவங்க. கருண் ஆரம்பிச்சதும் ஃபார்முலா மாருதியில்தான். 2025 வரைக்கும் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டின இந்தியர்கள் இந்த ரெண்டே பேர். நூத்திச் சொச்சம் கோடி ஜனத்தில் ரெண்டு பேர், ரெண்டு பேருமே தமிழ்நாடு, ரெண்டு பேருமே கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் மாருதி எஞ்சினைத் திருப்பி வச்ச வண்டியிலிருந்து வந்தவங்க. இதைத் தற்செயல்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை.

கரி இதில் எதையும் பார்க்கலை. அவருக்குப் பறக்கிறதிலும் பைத்தியம் உண்டு. 1995 ஆகஸ்ட் 24ல் விமான விபத்தில் இறந்துட்டார். 41 வயசு. நரேன் அப்போதான் வெளிநாட்டில் காலூன்ற ஆரம்பிச்சிருந்தார்.

செய்தியைப் பேப்பரில் படிச்சுட்டு பெரியப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலைன்னு பெரியம்மா சொல்லுவாங்க. நேரில் ஒரு வார்த்தை பேசினதில்லை, பக்கத்தில் நின்னதுகூட இல்லை. எனக்கு இதை முழுசா விளங்கிக்க முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். எவனோ ஒரு நடிகன் செத்தா ஊரே அழற ஊரில், வண்டி கட்டினவனுக்காக எண்ணூரில் ஒரு ஃபிட்டர் பட்டினி கிடந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வேடிக்கையையும் குறிச்சு வச்சிடறேன். நரேன் ஓட்டின ஜோர்டன் அணி கைமாறி 2006ல் மிட்லண்ட், 2007ல் ஸ்பைக்கர், 2008ல் ஃபோர்ஸ் இந்தியா ஆச்சு. கடைசியா வாங்கினது சோழவரத்தில் என்சைன் ஓட்டின அதே மல்லையா. பத்து வருஷம் இந்தியா பேரில் ஓடிச்சு அந்த அணி, ஒரு பந்தயத்திலகூட ஒரு இந்தியரை ஓட்ட விடலை. காசு இருந்தது, கொடி இருந்தது, பேரில் இந்தியா இருந்தது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கலை.

2024 ஆகஸ்ட் 31லும் செப்டம்பர் 1லும் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 தெருப்பந்தயம் நடந்தது ஞாபகம் இருக்கும். முதலில் 2023 டிசம்பரில் வச்சிருந்தாங்க, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போச்சு. அதே புயல் வெள்ளத்தில்தான் எங்க எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்கள் வாளியால் அள்ளிக்கிட்டிருந்தாங்க. பந்தயத்துக்குச் செலவு பண்ணலாமா கூடாதான்னு ஊரே ரெண்டா நின்னு சண்டை போட்டுச்சு. அந்தச் சண்டையில் ரெண்டு பக்கத்திலயும் சோழவரம் என்கிற வார்த்தையை நான் ஒருமுறைகூடக் கேக்கலை. ஏதோ சென்னைக்கு அன்னிக்குத்தான் முதல்முறையா ரேஸ் கார் வந்த மாதிரி.

கோயமுத்தூர்க்காரங்க பரவாயில்லை. 2003ல் செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு பேர் வச்சாங்க. ரெண்டு கிலோமீட்டருக்குச் சொச்சம்தான் நீளம், ஆனா புதுசா வர்ற பசங்க ஒரே மாதிரி வண்டிகளில் அங்கேயும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஆரம்பிச்ச ஸ்டாக் காரை அந்தரத்தில் விட்டுட்டேன் பாருங்க. 2010 மார்ச்சில் நரேன் கார்த்திகேயன் அமெரிக்கா போய் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் சேர்ந்தார். முதல் ஓட்டம் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில். வெண்டல் ஸ்காட் பிறந்த டான்வில்லிலிருந்து கூப்பிடு தூரம்னு சொல்லலாம். முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற குட்டி வட்டம், ஜெயிச்சவங்களுக்குக் கோப்பைக்குப் பதிலா ஆளுயரக் கடிகாரம் குடுப்பாங்க. சாராய வண்டிக்காரங்க ஆரம்பிச்ச விளையாட்டில் இந்தியாவில் பிறந்த ஒருத்தர் ஓட்டினது அதுதான் முதல்முறை. கடிகாரம் கிடைக்கலை. 13வதா வந்தார்.